பழத்தின் மஞ்சளை அழிக்கும் ஜீன்கள்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியாகிய டாலிகஞ்சில், மழைக்காலம் தொடங்கியதும் சாலையோரக் கடைகளில் கொய்யாப் பழங்கள் குவிகின்றன. தெற்கே பாருய்ப்பூர் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து நகருக்கு வருபவை அவை. உள்ளே வெள்ளையா, சிவப்பா என்பது வாங்குவோர் பலருடைய முதற் கேள்வி. பச்சைத் தோலைப் பார்த்து இதற்கு விடை கூற இயலாதாகையால், ஒரு பழத்தை அறுத்துக் கூடையின் மேல் வைப்பதுண்டு. கோடையில் மால்தா மாவட்டத்து மாம்பழமும், குளிர்காலத்தில் டார்ஜீலிங் மலையின் கமலா ஆரஞ்சும் இந்நகருக்கு வந்து சேர்கின்றன. கொய்யாவின் இளஞ்சிவப்பு, மாம்பழத்தின் பொன்மஞ்சள், ஆரஞ்சுத் தோலின் செம்மஞ்சள் ஆகிய மூன்றும் கரோட்டினாய்டுகள் என்னும் ஒரே நிறமிக் குடும்பத்தின் செயலே.

இந்நிறமிகள் தாவரத்தில் எவ்வாறு உண்டாகின்றன என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அவை எவ்வாறு அழிகின்றன என்பது, ஏறத்தாழக் கடந்த முப்பது ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. ஒரு பழத்தின் சதை வெளுத்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிறமி அங்கே உண்டாகாமலே இருந்திருக்கலாம். அல்லது உண்டான நிறமி உடனுக்குடன் உடைக்கப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் புதிய பழவகைகளை உண்டாக்க முயல்பவருக்கும், குழந்தைகளின் உணவில் அக்கறை கொண்டவருக்கும் இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை.

நாற்பது கரியணுக்களின் சங்கிலி

கரோட்டின் என்னும் பொருளைக் காரட் கிழங்கிலிருந்து 1831-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான வாக்கன்ரோடர் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் காரர் தெளிவாக்கினார். 1937-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததற்கு அப்பணியும் ஒரு காரணம்.

கரோட்டினாய்டு என்பது நாற்பது கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. ஐந்தைந்து கரியணுக்கள் கொண்ட எட்டுத் துண்டுகளை இணைத்துத் தாவரம் இதனைக் கட்டுகிறது. முதலில் பிறக்கும் நாற்பது கரியணுச் சங்கிலிக்கு நிறமில்லை. சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் ஏற ஏற அது ஒளியின் நீலப் பகுதியை உட்கொள்ளத் தொடங்குகிறது. எஞ்சிய ஒளி மஞ்சளாகவும் சிவப்பாகவும் நம் கண்ணை அடைகிறது. இரு முனைகளும் திறந்த நிலையில் உள்ள லைகோபீன் சிவப்பு நிறமுடையது. தக்காளிக்கும் சிவப்புக் கொய்யாவுக்கும் நிறம் தருவது இதுவே. இரு முனைகளும் வளையமாக மூடிக்கொண்டால் பீட்டா கரோட்டின் பிறக்கிறது. மாம்பழச் சதையின் மஞ்சளில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

நிறம் சங்கிலியின் நீளத்தைச் சார்ந்தது என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். சங்கிலி அறுந்தால் இரட்டைப் பிணைப்புகளின் தொடரும் அறுகிறது, நிறம் மறைகிறது. சங்கிலியை அறுக்கும் என்சைம்கள் தாவரத்திலேயே இருக்கின்றன. இரும்பணு ஒன்றைத் தம்முள் கொண்ட இவை, பிராணவாயுவின் துணையால் சங்கிலியைக் குறித்த ஓரிடத்தில் துண்டிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கெனச் சில இடங்கள் உண்டு. கண்ட இடத்தில் வெட்டும் வழக்கம் இல்லை. இவ்வென்சைம்களை ஆக்கும் ஜீன்களே இக்கட்டுரையின் பொருள்.

இக்குடும்பத்தில் முதலில் பிடிபட்டது மக்காச்சோளத்தின் ஜீன் ஒன்று. சில மக்காச்சோளச் செடிகளில் கதிர் செடியில் நிற்கும்போதே மணிகள் முளைத்துவிடுகின்றன. உறக்க நிலையைக் காக்கும் அப்ஸிஸிக் அமிலம் அவற்றில் போதிய அளவு சுரப்பதில்லை. அந்த அமிலம் கரோட்டினாய்டுச் சங்கிலியை வெட்டுவதால் கிடைப்பது என்பதையும், வெட்டும் என்சைமை ஆக்கும் ஜீன் அச்செடிகளில் பழுதுபட்டிருந்தது என்பதையும் 1997-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறுவினர். பின்னர், ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கப்படும் அராபிடோப்ஸிஸ் என்னும் சிறு செடியில் மட்டும் இத்தகைய ஜீன்கள் ஒன்பது இருப்பது தெரிந்தது.

பீச் பழத்தின் புதிர்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும், வடக்கே இமாசலப் பிரதேசத்திலும் பீச் மரங்கள் உண்டு. இப்பழத்தில் வெள்ளைச் சதை உடையவை, மஞ்சள் சதை உடையவை என இரு பிரிவுகள் உள்ளன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கானர்ஸ் என்பவர் இவ்விரண்டையும் கலந்து ஆராய்ந்து, வெள்ளையே ஓங்கிய பண்பு, மஞ்சள் ஒடுங்கிய பண்பு என 1920-இல் எழுதினார். தூய வெள்ளையையும் மஞ்சளையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் வெள்ளை. அடுத்த தலைமுறையில் மூன்று வெள்ளைக்கு ஒரு மஞ்சள்.

மெண்டல் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். நிறமில்லாமை என்பது ஏதோ ஒரு ஜீன் வேலை செய்யாததன் விளைவு என்றே பொதுவாகக் கூறுகிறோம். அவ்வாறாயின் அது ஒடுங்கிய பண்பாக இருக்க வேண்டும். ஏனெனில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து நல்ல ஜீன் ஒன்று வந்தாலே வேலை நடந்துவிடும். கொய்யாவில் இதுவே காணப்படுகிறது. அங்கே சிவப்புச் சதை ஓங்கியது, வெள்ளை ஒடுங்கியது. பீச்சில் மட்டும் இம்முறை தலைகீழாக இருப்பானேன்?

வெள்ளை என்பது ஒரு செயலின் விளைவு, செயலின்மையின் விளைவன்று என்று கொண்டால் புதிர் அவிழ்கிறது. வெள்ளைப் பீச்சிலும் கரோட்டினாய்டு உண்டாகிறது. அங்கே சி.சி.டி.4 என்று குறிக்கப்படும் வெட்டும் ஜீன் விழிப்போடு இருந்து, பழம் முதிரும்போது நிறமியைத் துண்டாக்கிவிடுகிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலும் வெட்டுவதற்கு அது போதும். எனவே வெள்ளை ஓங்கி நிற்கிறது. இரண்டும் பழுதானால்தான் நிறமி தப்பிப் பிழைக்கிறது. ஏரியின் நீர்மட்டம் வரத்தை மட்டும் பொறுத்ததன்று; மதகு திறந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது. மஞ்சள் பீச் மதகு அடைபட்ட ஏரி.

இதற்குச் சான்று ஒரே மரபிலிருந்து கிடைத்தது. மிஷிகன் மாநிலத்தில் 1940-இல் வெளியிடப்பட்ட ரெட்ஹேவன் என்னும் மஞ்சள் பீச் உலகெங்கும் பரவியது. அதிலிருந்து தோன்றிய மாற்றுரு ஒன்று வெள்ளைச் சதையுடைய பழங்களைத் தந்தது. ரெட்ஹேவன் பியாங்கா என்று அதற்குப் பெயர். மற்றெல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றான இவ்விரண்டையும் இத்தாலிய ஆராய்ச்சியாளர் அருகருகே வைத்து ஒப்பிட்டு, 2011-இல் முடிவை வெளியிட்டனர். நிறமியைக் கட்டும் ஜீன்களில் இவ்வேறுபாட்டுக்குரிய விளக்கம் கிடைக்கவில்லை. வெட்டும் ஜீனாகிய சி.சி.டி.4-இல் அது கிடைத்தது. வெள்ளைப் பழத்தில் கரோட்டினாய்டு குறைந்திருந்தது. அதன் துண்டுகளாகிய மணப்பொருள்கள் மிகுந்திருந்தன.

இரண்டாண்டுகளுக்குப் பின், 2013-இல், மேலும் சுவையான செய்தி வந்தது. மஞ்சள் பீச் ஒரே ஒருமுறை தோன்றியதன்று. அதே ஜீன் மூன்று வெவ்வேறு வழிகளில் பழுதடைந்திருக்கிறது. ஒரு மரபில், ஜீனின் எழுத்துகளில் இரண்டு மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியின் நீளம் மாறிவிட்டது. எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்கும் உயிரணுவுக்கு அதன்பின் வரும் சொற்கள் யாவும் பிழையாயின. இன்னொன்றில் ஒரே எழுத்து மாறி, வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுந்தது. மூன்றாவதில், குரோமோசோமில் இடம்விட்டு இடம் பெயரும் இயல்புடைய அயல்துண்டு ஒன்று ஜீனுக்குள் வந்து புகுந்தது. எங்கோ ஒரு தோட்டத்தில் மஞ்சள் பழத்தைக் கண்ட உழவர் அதனை விரும்பிப் பெருக்கியிராவிட்டால் இப்பழுதுகள் நிலைத்திருக்க மாட்டா. மூன்றும் ஒரே ஜீனின் பழுதுகளே ஆதலால், எந்த இரு மஞ்சள் வகைகளைக் கலந்தாலும் கன்றுகள் மஞ்சளாகவே காய்க்கும் என்பதும் விளங்குகிறது.

பீச் மரத்தைக் காணாத சமவெளி மாணவர்களுக்குச் சாமந்திப் பூவைக் காட்டலாம். வெள்ளைச் சாமந்தியின் இதழிலும் இவ்வகை ஜீனே மஞ்சளை அழித்துக்கொண்டிருக்கிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2006-இல் அந்த ஜீனை அடக்கியபோது வெள்ளைப் பூக்கள் மஞ்சளாயின. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அழிவைத் தடுத்ததே அவர்கள் செய்தது.

துண்டுகளின் பயன்

நிறமியை உழைத்துக் கட்டிய தாவரம் அதனை ஏன் உடைக்க வேண்டும்? உடைந்த துண்டுகள் வீணாவதில்லை என்பதே விடை. சங்கிலியின் முனைக்கு அருகே ஒன்பதாம், பத்தாம் கரியணுக்களுக்கு இடையில் வெட்டு விழுந்தால், பதின்மூன்று கரியணுக்கள் கொண்ட பீட்டா அயனோன் பிரிகிறது. இனிய பூமணம் உடையது அது. ஒரு கிராம் பீட்டா அயனோனைப் பத்துக் கோடி லிட்டர் நீரில் கரைத்தாலும் மனித மூக்கு அதனை உணரக்கூடும். (மூக்கிலுள்ள ஒரு ஜீனின் வேறுபாட்டால் இம்மணத்தைச் சரிவர உணராதவரும் உண்டு, ஒரே பழத்தின் மணத்தைப் பற்றி இருவர் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.) தக்காளியில் சி.சி.டி.1 என்னும் ஜீனை 2004-இல் அடக்கிப் பார்த்தனர். பழத்தின் சிவப்பு பெரிதும் மாறவில்லை. ஆனால் பீட்டா அயனோன் பாதியளவுக்கு மேல் குறைந்துவிட்டது. நிறம் குறையாமலே மணம் குறையக்கூடும் என்பது பழவணிகர்கள் கருத வேண்டிய செய்தி.

ஆரஞ்சு இனத்தில் நடப்பது இன்னும் வியப்பானது. அங்கே இக்குடும்பத்தின் ஒரு ஜீன் சங்கிலியை முனையருகே, ஏழாம் எட்டாம் கரியணுக்களுக்கு இடையில் வெட்டுகிறது. நீக்கப்படும் பகுதி சிறியது. எஞ்சும் முப்பது கரியணுத் துண்டு நீளமானது. பீட்டா சிட்ராரின் என்னும் அத்துண்டு நிறமிழக்காமல், முன்னிலும் செம்மையாகக் காட்சியளிக்கிறது. செந்நிறத் தோலுடைய கமலா வகைகளுக்கு அந்நிறம் வந்தது இவ்வாறே என்பதை 2013-இல் ஸ்பெயின் நாட்டிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டனர். ஆகவே உடைவு என்றால் வெளுப்பு என்று முடிவுகட்டுவதும் தவறு. வெட்டு எங்கே விழுகிறது என்பதே கேள்வி.

வேறு இரு ஜீன்களின் தொடர் செயலால் கிடைக்கும் துண்டுகளிலிருந்து ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் ஹார்மோன் பிறக்கிறது. செடி எத்தனைக் கிளை விட வேண்டும் என்பதில் அதற்குப் பங்குண்டு. வேர்வழியே மண்ணில் கசியும் இப்பொருளை மோப்பம் பிடித்தே சோளத்தின் பகையாகிய சுடுமல்லியின் விதை முளைக்கிறது. வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடச் செய்யும் அப்ஸிஸிக் அமிலம் பற்றி முன்னரே கூறப்பட்டது. இவற்றை எண்ணினால், வெட்டும் ஜீன்கள் அனைத்தையும் ஒருங்கே அடக்கி நிறத்தைப் பெருக்கிவிடலாம் என்னும் ஆசை எழாது.

நிறமும் ஏ வைட்டமினும்

கரோட்டினாய்டை உடைக்கும் வேறோர் இடம் மனிதனின் குடல். அங்குள்ள என்சைம் பீட்டா கரோட்டினைச் சரியாக நடுவில் வெட்டுகிறது; ஏ வைட்டமினுக்கு மூலமான துண்டுகள் இரண்டு கிடைக்கின்றன. உணவிலுள்ள கரோட்டின் எலியின் உடலில் ஏ வைட்டமினாக மாறுவதை 1930-இல் இங்கிலாந்தில் தாமஸ் மூர் மெய்ப்பித்தார். இம்மாற்றம் முழுமையாக நிகழ்வதில்லை. கலப்புணவில் உள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம், ஏ வைட்டமின் 1 மைக்ரோகிராமுக்குச் சமம் எனக் கொள்வது இன்றைய கணக்குகளுள் ஒன்று.

இக்குறை நம் நாட்டுக்குப் புதிதன்று. மாலைக்கண்ணில் தொடங்கி விழிவெண்படலம் கரைந்து பார்வை போவதுவரை செல்லும் துன்பம் அது. குன்னூரில் 1918-இல் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சி, உணவூட்ட ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். அக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஏ வைட்டமின் திரவம் புகட்டும் திட்டம் 1970-இல் தொடங்கியது. திரவம் ஒருபுறமிருக்க, அன்றாட உணவில் கரோட்டின் சேர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இங்கேதான் நிறத்தைக் கண்டு ஏமாறும் இடர் வருகிறது. மஞ்சளும் சிவப்பும் ஏ வைட்டமினுக்கு அடையாளம் என்று கிராமக் கூட்டங்களில் கூறும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. நடுவில் வெட்டினால் வைட்டமின் கிடைப்பதற்குச் சங்கிலியின் முனையில் மாற்றமடையாத வளையம் இருக்க வேண்டும். லைகோபீனுக்கு வளையமே இல்லை. எனவே டாலிகஞ்சுக் கடையின் சிவப்புக் கொய்யாவில் அச்செந்நிறத்தை ஊட்டும் நிறமி ஏ வைட்டமினாக மாறுவதில்லை. அப்பழத்தில் உடனிருக்கும் சிறிதளவு பீட்டா கரோட்டினே அவ்வகையில் பயன்படும். கொய்யாவின் பெருமை சி வைட்டமினில் இருக்கிறது; அது வெள்ளையிலும் நிறையவே உண்டு. உருளைக்கிழங்கிலும் இதே பாடம் கிடைத்தது. வெட்டும் ஜீனை அடக்கியதும் கிழங்கின் கரோட்டினாய்டு 2 முதல் 5 மடங்கு வரை உயர்ந்ததாக 2010-இல் ஓர் ஆய்வு கூறியது. உயர்ந்தது பெரும்பாலும் வயலோசாந்தின். அது ஏ வைட்டமினாக மாறாத நிறமி.

மாம்பழத்தின் நிலை வேறு. புது தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1970-களில் அளித்த ஆம்ரபாலி, வடநாட்டுத் தசேரியைத் தாயாகவும் தென்னாட்டு நீலத்தைத் தந்தையாகவும் கொண்டது. அதே இணையை முன்பின்னாக மாற்றிக் கலந்ததால் வந்தது மல்லிகா. ஆம்ரபாலியின் ஆழ்ந்த செம்மஞ்சள் சதையில் பீட்டா கரோட்டின் மிகுதி. மரம் குட்டையானது, ஆண்டுதோறும் காய்ப்பது, நெருக்கி நடத்தக்கது. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு மாங்கன்று பரிந்துரைக்க நேரும் பணியாளர், விலையோடும் சுவையோடும் இதனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மேற்கு வங்காளத்தில் இது பரவலாகப் பயிராகிறது.

பழம் எட்டாத வீடுகளுக்குக் கீரை உண்டு. டாலிகஞ்சின் ரீஜென்ட் பார்க் பகுதியில், 1930-களின் இறுதியில் சணல் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் கீழ் இயற்கை நார்களுக்கான தேசிய நிறுவனமாக அது இயங்கி வருகிறது. நாருக்காக அங்கு ஆராயப்படும் அதே சணற் செடியின் இளந்தழை, பாட் சாக் என்னும் பெயரில் வங்காளத்தார் விரும்பி உண்ணும் கீரை. இலையின் பச்சையம் மூடிமறைத்திருப்பதால் கரோட்டின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வதக்கும்போது சேரும் சிறிதளவு எண்ணெய், கரோட்டின் குடலில் உறிஞ்சப்படத் துணைபுரிகிறது.

களத்திலும் வகுப்பிலும்

ஜீன்களின் வேலை முடிந்த பின்னும் உடைவு நிற்பதில்லை. பறித்து, பிழிந்து, உலர்த்தும் பழத்தில் ஒளியும் காற்றும் வெப்பமும் என்சைம் இன்றியே சங்கிலியை அறுக்கின்றன. மாம்பழச் சாற்றைப் பாயில் அடுக்கடுக்காகப் பூசி உலர்த்தும் ஆம்சத்வா வங்காளத்தின் பழந்தின்பண்டம். ஆந்திரத்திலும் இத்தகைய பண்டம் உண்டு. நேர் வெயிலில் உலர்த்துவதைவிட, காற்றோட்டமுள்ள நிழலில் அல்லது மூடிய உலர்த்தியில் உலர்த்தினால் கரோட்டின் இழப்பு குறைவு. முருங்கைக் கீரையை உலர்த்திப் பொடி செய்யும் மகளிர் குழுக்களுக்கும் இது பொருந்தும். உலர்ந்த பொருளை ஒளிபுகாத கலத்தில், காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும்.

இதனை வகுப்பில் காட்ட விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. காரட் கிழங்கைத் துருவி, தேங்காயெண்ணெயில் இட்டு இளஞ்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும். கரோட்டின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்பது முதலில் புலனாகிறது. வடித்த எண்ணெயை இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் சமமாக ஊற்றி, ஒன்றைக் கருந்தாளில் சுற்றி அலமாரியிலும், மற்றொன்றைச் சன்னலோரம் வெயிலிலும் வைக்க வேண்டும். நாள்தோறும் இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளின் முன் நிறுத்தி மாணவர்கள் குறிப்பெடுக்கலாம். வெயிலில் உள்ள குப்பி நாளடைவில் வெளுத்துவரும். அவ்வேளையில், வெள்ளைச் சாமந்தியின் இதழில் இதே வெளுப்பை வெயில் செய்யவில்லை, ஒரு ஜீன் செய்கிறது என்பதை ஆசிரியர் எடுத்துக் கூறலாம்.